வாங்கும்போது மூன்று அங்குலம்

கலர் மீன் கடைகளில் நன்றாக விலைபோகும் குட்டிகளில் ஒன்று ‘ஆர்.டி.சி.’ ரெட் டெய்ல் கேட்ஃபிஷ் என்பதன் சுருக்கம் அது. நாம் செவ்வால் கெளுத்தி என்று வைத்துக்கொள்ளலாம். கரும்பழுப்பு முதுகு, வாயிலிருந்து வால்வரை ஓடும் வெள்ளைப் பட்டை, ஆரஞ்சும் சிவப்பும் கலந்த வால், உடம்புக்குப் பொருந்தாத அகன்ற வாய், அந்த வாயைச் சுற்றி மூன்று ஜோடி மீசை. மூன்று அங்குலக் குட்டியாக இருக்கும்போது பார்க்கிற யாருக்கும் பிடித்துப்போகும். விலையும் சில நூறு ரூபாய்தான். ‘பெருசா வளரும், அப்புறம் பெரிய டேங்க் போட்டுக்கலாம்’ என்று கடையில் ஒரு வார்த்தை சொல்லி, பிளாஸ்டிக் பையில் காற்றடைத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ, எசெகிபோ ஆற்றுப் படுகைகள்தான் இதன் தாயகம். பிரேசிலில் இதற்குப் பிராராரா என்று பெயர். அங்கே இது நாலடிக்கு மேல், ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் வரை வளர்கிறது. தூண்டிலில் பிடிபட்டவற்றில் உலகச் சாதனையாகப் பதிவான மீன் 56 கிலோ. 2010-இல் பிரேசிலில் பிடித்தது. ஒரு நடுத்தர வயது மனிதரின் எடை. இப்படிப்பட்ட மீனை வீட்டில் வளர்க்க முடியுமா என்ற கேள்விக்குப் பலரும் அன்பையும் அனுபவத்தையும் வைத்துப் பதில் தேடுகிறார்கள். அளவுநாடாவை வைத்துத் தேடினால் பதில் சீக்கிரம் கிடைத்துவிடும்.

முதலில் வளர்ச்சிக் கணக்கு. ஒரு மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை இரண்டு மடங்காவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து கூடுவதால் எடை சுமார் எட்டு மடங்காகிறது. மூன்று அங்குலக் குட்டி 45 அங்குலத்தை எட்டும்போது நீளம் 15 மடங்கு. எடையோ 15-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 3,375 மடங்கு. கடையில் ஐந்தாறு கிராம் இருந்த குட்டி 20 கிலோ மீனாகும் வழி இதுதான். நல்ல தீனி கிடைத்தால் முதல் ஆண்டிலேயே ஒன்றரை அடியைத் தொடுவது இந்த மீனுக்குச் சாதாரணம். அதன்பின் நீள வளர்ச்சி மெதுவாகும், ஆனால் உடம்பு பருக்கத் தொடங்கும். ஆகவே கண்ணால் பார்த்து ‘இன்னும் கொஞ்சம்தான் வளர்ந்திருக்கிறது’ என்று நினைக்கிற காலத்தில்தான் அது தண்ணீரிலும் தீனியிலும் கேட்கும் பங்கு தாவி ஏறுகிறது. ஆயுளும் குறைவில்லை, சரியாகப் பராமரித்தால் 15 ஆண்டுகளுக்கு மேல் வாழும். பள்ளியில் சேரும் பிள்ளைக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை கல்லூரி முடிக்கும்போதும் மீன் வீட்டில் இருக்கும்.

இந்த 45 அங்குல மீனுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நம் வீடுகளில் ‘பெரிய டேங்க்’ என்று சொல்லப்படும் நாலடித் தொட்டி நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்டது. கொள்ளளவு சுமார் 250 லிட்டர். அதில் இந்த மீன் நீளவாக்கில் கிடக்கலாம், திரும்ப முடியாது. ஆறடி, எட்டடித் தொட்டிகளிலும் அகலம் இரண்டு, இரண்டரை அடிதான் என்பதால், நாலடி மீன் உடம்பை வளைத்து மடித்துத்தான் திரும்ப வேண்டும். தாராளம் எதுவும் காட்டாமல், மீனின் நீளத்தைப் போல் நாலு மடங்கு நீளம், இரண்டு மடங்கு அகலம், அதன் நீளமளவுக்கு ஆழம் என்று வைத்தால், 15 அடிக்கு 8 அடிக்கு 4 அடி என்று ஒரு குளம் வருகிறது. பல அடுக்குமாடி வீடுகளின் படுக்கையறை இந்த அளவுகூட இருக்காது. அதில் நிற்கும் தண்ணீர் 13,600 லிட்டர். தண்ணீர் மட்டுமே பதின்மூன்றரை டன்.

எடைதான் பெரும்பாலோர் நினைத்துப் பார்க்காத விஷயம். நம் நாட்டில் கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தர விதி, குடியிருப்பு அறைகளின் தளத்தில் ஆட்கள், கட்டில், பீரோ என்று வந்துசேரும் சுமைக்காகச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் என்று கணக்கு வைக்கிறது. கிலோவில் சொன்னால் சுமார் 200 கிலோ. ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர் சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டிவிடும். நாலடி நின்றால் 1,200 கிலோவுக்கு மேல், அதாவது விதி எதிர்பார்க்கும் சுமையைப் போல் ஆறு மடங்கு. குளத்தின் சுவரும் அடித்தளமும் தனி. ஆகவே முதல் மாடியிலோ அதற்கு மேலோ இருக்கும் வீட்டில் இந்த மீனுக்கான குளம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தரைத்தளத்தில், மண்ணின் மேல் நேரடியாக நிற்கும் தளத்தில், பொறியாளரின் கணக்கோடு கட்டினால்தான் முடியும். வாடகை வீட்டுக்காரர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். ஒரே ஒரு மீனுக்கான கணக்கு இது. இந்த மீன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. பக்கத்தில் ஒரு புலிவரிக் கெளுத்தி, ஒரு அரோவானா, ஒரு அலிகேட்டர் கார் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள்.

இடம் இருந்தால் போதுமா? தண்ணீர் கெடாமல் இருக்க வேண்டும். மீனுக்குப் போடும் தீனியில் உள்ள புரதத்தின் நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியாவாக, முக்கியமாகச் செவுள் வழியாக, தண்ணீருக்கே திரும்பி வருகிறது. மீன் வளர்ப்புத் துறையில் புழங்கும் கணக்குப்படி, 40 சதவீதப் புரதம் உள்ள 100 கிராம் தீனியிலிருந்து மூன்றரை கிராமுக்கு மேல் அம்மோனியா நைட்ரஜன் வெளிவரும். 20 கிலோ மீனுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 100 கிராம் என்பது அதிகமில்லை. அந்த மூன்றரை கிராம் 250 லிட்டர் தொட்டியில் கலந்தால் லிட்டருக்கு 14 மில்லிகிராம். சென்னையின் வெப்பத்திலும், காரத்தன்மை கூடிய ஆழ்குழாய்த் தண்ணீரிலும் இதில் ஐந்து, ஆறு சதவீதம் நச்சு வடிவத்தில் இருக்கும். செவுளைச் சுட்டுவிட அதில் சிறு பங்கே போதும். அதே மூன்றரை கிராம் 13,600 லிட்டரில் கலந்தால் லிட்டருக்குக் கால் மில்லிகிராம்தான்; நல்ல ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். நைட்ரேட்டை வெளியேற்ற ஃபில்டரால் ஆகாது, தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும். வாரம் முப்பது சதவீதம் என்று வைத்தால் 4,000 லிட்டர். மூன்று வாரத்துக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி என்று ஆகிறது. 2019 கோடையில் சென்னையின் நான்கு ஏரிகளும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் கொண்டுவந்த நகரம் இது. இங்கே ஒரு மீனுக்காக இதைச் செய்வது சரியா என்ற கேள்வியைப் பக்கத்து வீட்டுக்காரரே கேட்பார். மின்சாரமும் இதோடு சேர்ந்தது. 28 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் லிட்டருக்கு எட்டு மில்லிகிராம் ஆக்சிஜனைக்கூட முழுதாகப் பிடித்துவைக்காது. இரவில் பல மணி நேரம் பம்ப் நின்றால் மீனுக்கும் மூச்சு முட்டும், ஃபில்டர் பாக்டீரியாக்களும் சாகும். குளத்துக்கு இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வைப்பது இங்கே வசதி சார்ந்த விஷயம் இல்லை, கட்டாயம்.

இனி வாய். செவ்வால் கெளுத்தி இரை கிடைத்தால் மெல்லுவதில்லை, வாயைத் திறந்து உறிஞ்சி அப்படியே விழுங்கும். தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள மீனும் உள்ளே போய்விடும். கூட வளரட்டும் என்று விட்ட மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல்போவது இதனால்தான். மீன் மட்டுமா? கூழாங்கல், ஹீட்டர், ரப்பர் குழாய், தொட்டி அலங்காரப் பொம்மை என்று அகப்பட்டதையெல்லாம் விழுங்கிவிடும். சில வெளியே கக்கப்படும். சில குடலை அடைத்து உயிரை எடுக்கும். தீனி கொடுப்பதிலும் பெரும் தவறுகள் நடக்கின்றன. உயிருள்ள கோல்டு ஃபிஷ்ஷைப் போட்டு வேட்டையை வேடிக்கை பார்ப்பது ஒரு பழக்கம். கோல்டு ஃபிஷ்ஷின் உடம்பில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். தொடர்ந்து அதையே தின்னும் மீனுக்கு நரம்புக் கோளாறு வரும். அதனோடு ஒட்டுண்ணியும் இலவசம். கோழி ஈரலும் மாட்டு இதயமும் கொடுத்தால் மீன் வேகமாகப் பருக்கும், ஆனால் பாலூட்டி, பறவைக் கொழுப்பைச் செரிக்கும் உடம்பு அதற்கு இல்லை. ஈரலில் கொழுப்பு படியும். வேட்டை வேடிக்கைக்காக வாங்கிய மீனை, வேட்டையே இல்லாமல் நறுக்கிய மீன், இறால், மிதவைத் தீனி என்று வாரத்துக்கு ஓரிரு முறை அளந்து போட்டு வளர்ப்பதே சரியான முறை என்று தெரியும்போது பலருக்கும் ஆர்வம் வடிந்துவிடுகிறது.

‘மீனுக்கு என்ன தெரியும், தண்ணீரும் தீனியும் இருந்தால் போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அமேசானில் இந்த மீன் எப்படி வாழ்கிறது என்று பார்த்தால் கேள்வியின் குறை தெரியும். அந்த ஆறு ஆண்டுதோறும் பல மீட்டர் உயர்ந்து கரையோரக் காட்டுக்குள் புகுந்துவிடும். மாதக்கணக்கில் மரங்கள் தண்ணீரில் நிற்கும். மீன்கள் அந்த மரங்களுக்கிடையே நீந்தி, உதிரும் பழத்தையும் விதையையும் தின்னும். மைக்கேல் கோல்டிங் என்ற ஆய்வாளர் 1980-இல் வெளியிட்ட நூல் ஒன்று, அமேசான் மீன்களுக்கும் காட்டுக்கும் உள்ள இந்த உறவை உலகுக்கு எடுத்துக் காட்டியது. கொடூர வேட்டைக்காரன் என்று கடைகளில் விற்கப்படும் செவ்வால் கெளுத்தியும் பழம் தின்னும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். கலங்கிய தண்ணீரில், இருட்டில் திரியும் மீன் இது. மீசையில் உள்ள சுவை உணர்விகளால் வழி தேடும். கெளுத்தி இனங்களுக்குக் காதும் கூர்மை. காற்றுப்பையிலிருந்து உள்காதுவரை சிறு எலும்புகள் சங்கிலியாக ஓடி ஒலியைக் கடத்துகின்றன. இப்படிப்பட்ட மீனை விளக்கு எரியும் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், பம்ப் இரைச்சலோடு, மறைந்துகொள்ள ஓர் இடமும் இல்லாத கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் அது மிரண்டு கண்ணாடியில் மோதி மூக்கையும் மீசையையும் தேய்த்துக்கொள்ளும், தின்றதைக் கக்கும், அல்லது மூலையில் அசையாமல் கிடக்கும். மீன் மனிதரைப் போல் வருந்துகிறதா என்ற வாதத்துக்குள் போக வேண்டியதில்லை. தோல் உரிந்ததும் மீசை தேய்ந்ததும் எந்தத் தத்துவமும் இல்லாமல் கண்ணுக்குத் தெரிகின்றன.

மீன் வளர்ப்போர் மத்தியில் சாகாத ஒரு நம்பிக்கை இருக்கிறது: ‘தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும்.’ விரலுக்கேற்ற வீக்கம் என்ற பழமொழியை மீனுக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள். இந்த நம்பிக்கை முழுப் பொய்யில்லை என்பதே அதன் வலிமை. சிறு தொட்டியில் அடைபட்ட மீனின் வளர்ச்சி குறைவது உண்மை. தேங்கும் கழிவு, குறைந்த ஆக்சிஜன், ஓயாத மிரட்சி ஆகியவை அதைக் குறைக்கின்றன. அது நோயின் அடையாளம். போதிய உணவில்லாத குழந்தை உயரமாக வளராததைப் பார்த்து, குழந்தை வீட்டின் அளவுக்கேற்ப வளர்ந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதோடு, செவ்வால் கெளுத்தி விஷயத்தில் இந்த நம்பிக்கை வேறு விதத்திலும் தோற்கிறது: எவ்வளவு மோசமான தொட்டியிலும் அது இரண்டு அடியை எட்டிவிடும் அளவுக்கு முரட்டு மீன். முதுகெலும்பு வளைந்தோ, தலை பெருத்து உடம்பு சிறுத்தோ எட்டும், அவ்வளவுதான். கண்ணாடியைத் தொட்டவுடன் நிற்க அதன் உடம்புக்குள் விசை எதுவும் இல்லை.

இன்னொரு பதில், ‘வளர வளர பெரிய தொட்டி வாங்குவேன்’ என்பது. சொல்கிறவர் நாணயமாகவே சொல்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் வரிசை தவறு. நாலடித் தொட்டியிலிருந்து ஆறடிக்கு மாறுவது பணத்தோடு முடிகிற காரியம். ஆறடியிலிருந்து 13,600 லிட்டர் குளத்துக்கு மாறுவது இடமும் கட்டடமும் தண்ணீரும் கேட்கிற காரியம். முதல் ஆண்டின் முடிவிலேயே இந்த இரண்டாவது மாற்றத்துக்கான நெருக்கடி தொடங்கிவிடுகிறது. அதற்குள் நிலம் வாங்கி, குளம் கட்டி, சிமெண்டின் காரம் போகக் கழுவி, ஃபில்டரில் பாக்டீரியா வளரவைத்து முடிக்கிறவர் எத்தனை பேர்? வேலை மாற்றம், திருமணம், வீடு மாற்றம் என்று எந்த வீட்டிலும் நடக்கிற சாதாரண நிகழ்ச்சி ஒன்று குறுக்கே வந்தால் போதும், திட்டம் நின்றுவிடும், மீன் நிற்காது. இதைச் சரியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொந்த நிலம், தரைத்தளக் குளம், அகன்ற ஃபில்டர் அறை, மாற்று மின்சாரம், மாற்றிய தண்ணீரைப் பாய்ச்ச ஒரு தென்னந்தோப்பு, கூடவே இருபது ஆண்டுப் பொறுமை. இவ்வளவும் உள்ளவர் இந்த மீனை வளர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெரிய பொதுக் காட்சியகங்கள் லட்சக்கணக்கான லிட்டரில் இதை வைத்திருப்பதைப் போல அவரும் ஒரு சிறு காட்சியகம் நடத்துகிறார் என்றே எடுத்துக்கொள்ளலாம். தோப்புக்காரரின் நியாயத்தைக் காட்டி அடுக்குமாடிக்காரருக்குக் குட்டி விற்பதுதான் சிக்கல்.

‘பங்காசியஸ் கெளுத்தியை லட்சக்கணக்கில் பண்ணைக் குளங்களில் நெருக்கி வளர்த்துத் தின்கிறோம், அதற்கில்லாத இரக்கம் இதற்கு எதற்கு?’ என்ற கேள்வியும் நியாயமானதே. பங்காசியஸும் நாலடியைத் தாண்டக்கூடிய மீன்தான். அதன் வெள்ளிநிறக் குட்டியைத்தான் ‘ஷார்க்’ என்ற பெயரில் இரண்டடித் தொட்டிகளுக்கு விற்கிறார்கள். பண்ணை வளர்ப்பில் குறை உண்டு, அதைப் பற்றித் தனியே எழுதலாம். ஆனால் பண்ணை மீன் ஒரு கிலோ அளவை எட்டியதும் அறுவடையாகிறது. அதன் முழு வளர்ச்சிக்கான இடத்தை யாரும் தேட வேண்டியதில்லை. வீட்டு மீனுக்கு அறுவடை நாள் கிடையாது. பண்ணைக்காரர் குஞ்சு விடும்போதே முடிவு என்ன என்று தெரிந்து விடுகிறார்; வீட்டுக்காரருக்கு முடிவே தெரியாது. இன்று கடைகளுக்கு வரும் செவ்வால் கெளுத்திகளில் பெரும்பாலானவை தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டு இனப்பெருக்கம் செய்யப்பட்டவை என்பதால், அமேசான் காலியாகிறது என்று குற்றம் சாட்டுவதும் சரியாகாது. ஊசி இருந்தால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள், விலை இறங்குகிறது, குட்டி எல்லார் கைக்கும் எட்டுகிறது. மலிவுதான் இந்த மீனின் எதிரி.

தொட்டியை மீறி வளர்ந்த மீன் எங்கே போகிறது? கடைக்காரர் குட்டியைத் திரும்ப எடுப்பார், மூன்றடி மீனை எடுக்க அவரிடமும் இடமில்லை. பிரிட்டனில் இப்படி வளர்ந்துவிட்ட மீன்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பொதுக் காட்சியகங்களுக்கு வந்த வேண்டுகோள்கள் தாங்காமல், ‘பிக் ஃபிஷ் கேம்பெயின்’ என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். இத்தகைய மீன்களுக்கு அங்கே வைத்த பட்டப்பெயர் ‘தொட்டி உடைப்பான்கள்’. அதில் முன்வரிசையில் நின்றது செவ்வால் கெளுத்தி. நம் ஊரில் மீனை வாங்கிக்கொள்ள அப்படிப்பட்ட காட்சியகங்களும் இல்லை. மிஞ்சுவது ஏரியும் கோயில் குளமும். கொல்ல மனம் வராமல் ‘பிழைத்துப் போகட்டும்’ என்று விடுகிறார்கள். புண்ணியம் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். இதன் விளைவு தெரிய அமேசானுக்குப் போக வேண்டாம். தொட்டிப் பாசியைத் தின்னும் என்று டேங்க் கிளீனர் பெயரில் விற்கப்பட்ட தென் அமெரிக்கச் சக்கர் மீன், இன்று தமிழ்நாடு உட்படப் பல மாநில நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. கவசம் போன்ற உடம்பும் முள்ளும் மீனவர் வலையைக் கிழிக்கின்றன. கரையைக் குடைந்து முட்டையிடுகிறது. பிடித்தால் வாங்க ஆளில்லை. 2018 வெள்ளத்துக்குப் பின் கேரள ஆறுகளில் அரபைமா பிடிபட்டது. 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியில் அலிகேட்டர் கார் கிடைத்தது. இரண்டும் அமெரிக்கக் கண்டங்களின் மீன்கள். இங்கே நடந்து வர வழியில்லை.

செவ்வால் கெளுத்தி நம் ஏரியில் சக்கர் மீனைப் போல் பெருகும் என்று பயமுறுத்த நான் தயாரில்லை. பண்ணையிலேயே ஊசி போட்டால்தான் முட்டையிடுகிற மீன், ஒற்றையாக விடப்பட்டால் பெருகப் போவதில்லை. ஆனால் 15 ஆண்டு வாழக்கூடிய, வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும் 20 கிலோ மீன் ஒரு சிறு ஏரிக்குள் இறங்கினால், அங்குள்ள விரால் குஞ்சுக்கும் கெண்டைக்கும் அது பெருகுகிறதா இல்லையா என்பது பொருட்டில்லை. கோடையில் ஏரி சுருங்கும்போது எல்லா மீனும் ஒரே பள்ளத்தில் ஒதுங்கும். அதுவும் அங்கேயே இருக்கும். மேலும், எது பெருகும் எது பெருகாது என்று முன்கூட்டிச் சொல்வதில் நம் கணிப்பு பலமுறை பொய்த்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க இந்தியாவில் தடை போட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த மீன் இன்னும் நம் நீர்நிலைகளில் இருக்கிறது. தண்ணீருக்குள் போன மீனைத் தடை உத்தரவு எதுவும் திரும்பக் கூப்பிட்டதில்லை.

அப்படியானால் தடை செய்துவிடலாமா? 2017-இல் மத்திய அரசு அலங்கார மீன் கடைகளுக்கு விரிவான விதிகளை அறிவித்து, வணிகர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து பின்வாங்கியது. எதிர்ப்பில் நியாயமும் இருந்தது. சென்னை கொளத்தூரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் எடுத்துக்கொண்டால், கொல்லைப்புறத் தொட்டிகளில் மோலி, கப்பி, ஃபைட்டர் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். நாட்டின் முக்கியமான அலங்கார மீன் மையங்களில் ஒன்று அது. அவர்களுடைய பிழைப்பு இரண்டு அங்குல மீனில் நடக்கிறது, நாலடி மீனில் இல்லை. எல்லாரையும் ஒரே வலையில் போடும் சட்டம் அவர்களைத்தான் முதலில் நசுக்கும். என் பார்வையில், மூன்றடிக்கு மேல் வளரும் மீன்களுக்கு மட்டும் ஒரு தனி விதி போதும்: குட்டி இருக்கும் தொட்டியின்மேல் முழு வளர்ச்சியின் நீளமும் ஆயுளும் தேவையான தண்ணீரின் அளவும் தமிழில் பெரிதாக எழுதப்பட வேண்டும், குளம் இருப்பதைக் காட்டுகிறவருக்கே விற்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கும் இடங்களில் திறந்த குளத்தில் வளர்க்க அனுமதி கூடாது. விற்பனை குறையும் என்று வணிகர் சொல்வார். குறையத்தான் வேண்டும், இந்த மீன் விஷயத்தில் விற்பனை அதிகமாக இருப்பதுதான் நோய்.

கெளுத்தியின் மீசையும் நடமாட்டமும் பிடித்துப்போய் ஆசைப்படுகிறவருக்கு வேறு வழி இல்லாமலில்லை. இரண்டு, மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும் கோரிடோரஸ் கூட்டமாக மணலைக் கிளறித் திரியும். ஆப்பிரிக்காவின் தலைகீழ்க் கெளுத்தி நாலு அங்குலத்துக்குள் அடங்கி, வயிற்றை மேலே காட்டி நீந்தும். எலும்பு தெரியும் கண்ணாடிக் கெளுத்தி இருக்கிறது. மூன்றடித் தொட்டியில் இவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. இவை எதுவும் வேண்டாம், செவ்வால்தான் வேண்டும் என்றால், குளத்தை முதலில் கட்டுங்கள். தண்ணீர் நிரப்பி, பம்ப் ஓட்டி, ஒரு கோடை முழுக்க வாரம் 4,000 லிட்டர் மாற்றிப் பாருங்கள். அதன்பிறகும் ஆசை இருந்தால் குட்டி வாங்குங்கள். கடையில் குட்டிக்குப் பஞ்சமில்லை.

ஏற்கெனவே வாங்கி, தொட்டியை மீறி வளர்ந்துவிட்டதா? தீனியை அளவோடு போட்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றி, அந்த அவகாசத்தில் சொந்தக் குளம் வைத்திருக்கும் ஒருவரைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், மீனைத் துன்பமில்லாமல் விடைபெறச் செய்ய கால்நடை மருத்துவரின் உதவியைக் கேளுங்கள்; கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினால் போன்ற மயக்க மருந்துகளால் அது முடியும். கேட்கக் கடினமான யோசனைதான். ஆனால் எந்த நிலையிலும் அதை ஏரியிலோ குளத்திலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள்.